சோறாக்கக் கற்றுக்கொள்ள மூன்று வருடமா? மனையியல் படிப்பு வந்த வழி

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். தங்கை பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். வேலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் மனையியல், அதாவது ஹோம் சயின்ஸ் சார்ந்த ஊட்டச்சத்துப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் பெரியப்பா, "சோறாக்கக் கத்துக்க மூணு வருஷமா? அதுக்கு பீஸ் வேறயா?" என்று கேட்கிறாராம். இந்தப் படிப்பை யார், எதற்காக ஆரம்பித்தார்கள்? இது உண்மையிலேயே ஒரு தொழில்தானா? இதுதான் தம்பி கேட்டது.

நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அரசுப் பெண்கள் பள்ளிகளில் மனையியல் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்கள் பெரியப்பாவின் கேள்வியை ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒரு அப்பா வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோற்றிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை, தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தப் படிப்பே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் வேலை பார்த்தபோது பிளஸ் ஒன்னில் துணி வெளுத்தல் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் கடின நீர், மென்னீர் வரும். ஒரு வருடம் பிள்ளைகளிடம், அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து வைத்துக்கொண்டோம். சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை நிற்கும் வரை எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். மழைத் தண்ணீரில் நாலைந்து சொட்டிலேயே நுரை பொங்கி நின்றுவிட்டது. வாணியம்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரில் சொட்டு போய்க்கொண்டே இருந்தது. நுரை வரவில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ மிதந்தது. அந்தப் பெண் சொன்னாள்: "எங்க வீட்ல எவ்ளோ தொவைச்சாலும் துணி மொடமொடன்னுதான் டீச்சர் இருக்கும். நான் சரியா அலசலன்னு அம்மா திட்டும்."

வேதியியல் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்து அதே தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டோம். பால் போல வெளுத்துவிட்டது. குளோரைடு, அதாவது உப்பு. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு எங்கே போகும்? தோலை அலசிய தண்ணீரோடு மண்ணுக்குள் போகும், அங்கிருந்து கிணற்றுக்குப் போகும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, தப்பு தன் கையில் இல்லை என்று.

இப்போது எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் என்ற அம்மையாரிடம் வருகிறேன். மனையியலைத் தொடங்கியவர் என்று இவரைத்தான் சொல்வார்கள். 1842-ல் அமெரிக்காவில் பிறந்தவர், வேதியியல் படித்தவர். பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் இவர்தான். 1870 கடைசியில் அவரைச் சேர்த்துக்கொண்டபோது பணம் வாங்கவில்லை. ஏழை என்று இரக்கப்பட்டுத்தான் வாங்கவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். உண்மைக் காரணம் வேறு. யாராவது எதிர்த்தால், "இந்தப் பெண் எங்கள் மாணவி இல்லை" என்று சொல்லித் தப்பிக்க நிர்வாகம் வைத்திருந்த ஏற்பாடு அது. 1873-ல் பட்டம் வாங்கினார். அதன் பிறகும் பல வருடம் சம்பளமில்லாமல்தான் அங்கே வேலை செய்தார்.

1887-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் குடிநீரைச் சோதிக்கும் வேலை நடந்தது. ஆயிரக்கணக்கான மாதிரிகள் அவர் ஆய்வகத்துக்கு வந்தன. எங்கள் பள்ளியில் சில்வர் நைட்ரேட்டில் பார்த்தோமே, அதே குளோரைடைத்தான் அவரும் அளந்தார். கடலை விட்டு உள்ளே போகப் போக தண்ணீரில் இயல்பாக இருக்கும் குளோரைடு குறைந்துகொண்டே போகும். அந்தந்த இடத்துக்கு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஒரு வரைபடம் தயாரானது. அதைவிட அதிகமாக எங்கே இருக்கிறதோ, அங்கே சாக்கடை கலந்திருக்கிறது என்று அர்த்தம். குடிநீரின் தரத்துக்கு அளவு வைக்கும் பழக்கத்துக்கு அந்த வேலை ஒரு பெரிய அடித்தளம். வீட்டுக்குள் வரும் தண்ணீர், காற்று, பால், மாவு, துணிச்சாயம் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் வைத்துப் பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது இந்த மாதிரி வேலைகளால்தான். பெண்ணுக்கு ஆய்வகக் கதவு பாதிதான் திறந்தது. அதனால் அவர் வீட்டையே ஆய்வகமாக எடுத்துக்கொண்டார் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1841-லேயே கேத்தரின் பீச்சர் என்பவர் வீட்டு நிர்வாகத்தைப் பற்றிப் பெண்களுக்கென்று ஒரு பாடநூல் எழுதிவிட்டார். 1862-ல் அமெரிக்க அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அந்த வருமானத்தில் விவசாயமும் தொழிற்கல்வியும் நடத்தச் சொல்லிச் சட்டம் போட்டது. அப்படி வந்த கல்லூரிகளில் விவசாயி மகன் மண்ணைப் பற்றிப் படித்தான். மகள் வந்தால் என்ன படிப்பாள் என்ற கேள்வி எழுந்தது. 1870களில் அயோவா, கான்சஸ் போன்ற இடங்களில் வீட்டுப் பொருளியல் வகுப்புகள் இப்படித்தான் நுழைந்தன. அந்த நிலக்கொடைக் கல்லூரிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கதைக்கு அவை திரும்ப வரும்.

1899 செப்டம்பரில் லேக் பிளாசிட் என்ற மலையூரில் பதினோரு பேர் கூடினார்கள். இடம் கொடுத்தவர்கள் மெல்வில் டூயி தம்பதி. நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடும் டூயி முறை இருக்கிறதே, அதே டூயிதான். அந்தக் கூட்டத்தில்தான் இந்தத் துறைக்கு ஹோம் எகனாமிக்ஸ், அதாவது மனைப் பொருளியல் என்று பெயர் வைத்தார்கள். நாம் மனையியல் என்று சொல்வது இதைத்தான். பெயரைச் சும்மா வைக்கவில்லை. சமையல் கலை என்று வைத்தால் சமையலோடு நின்றுவிடும். வீட்டு வேலை என்று வைத்தால் வேலைக்காரிக்குப் பயிற்சி என்று நினைப்பார்கள். வீடு என்பதும் ஒரு பொருளாதார அலகு, அதில் வருமானம், நேரம், உழைப்பு, எரிபொருள், உடல்நலம் எல்லாம் கணக்கில் வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். அதையும் சேர்த்துப் பத்து மாநாடுகள் 1908 வரை நடந்தன. 1909-ல் அமெரிக்க மனைப் பொருளியல் சங்கம் உருவானது. எலன் ரிச்சர்ட்ஸ்தான் முதல் தலைவர். 1911-ல் இறந்துவிட்டார்.

அதே 1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900 தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். ஐடா ஸ்கடர். பெண் நோயாளியை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற காலத்தில் இங்கே சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இரண்டு கதையும் ஒரே காலத்தின் கதை என்றுதான் எனக்குப் படும். அங்கே ஒரு பெண் வேதியியல் ஆய்வகத்துக்குள் போகப் போராடினார், இங்கே ஒரு பெண் பிரசவ அறைக்குள் மருத்துவத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பள்ளி வளர்ந்து வந்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியைப் பார்த்து யாரும், "பிள்ளைப்பேறு பார்க்க இவ்வளவு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்பதில்லை. அதையும் மருத்துவச்சிப் பாட்டிகள் படிக்காமலேதான் பார்த்துவந்தார்கள்.

சரி, அமெரிக்காவில் அப்புறம் என்ன ஆனது? நல்லதும் ஆனது, கெட்டதும் ஆனது.

நல்லதை முதலில் சொல்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1900-ல் மார்த்தா வான் ரென்சலர் என்பவர் விவசாயி வீட்டுப் பெண்களுக்கு அஞ்சல் வழியாகப் பாடம் அனுப்பத் தொடங்கினார். தண்ணீர் சுமப்பதை எப்படிக் குறைப்பது, சமையலறையில் நடை எப்படிக் குறையும் என்றெல்லாம் அதில் இருந்தது. பெண்கள் பதில் எழுதினார்கள். பின்னால் அதுவே மனைப் பொருளியல் கல்லூரியாக வளர்ந்தது. 1914-ல் வந்த ஒரு சட்டம் விவசாய ஆராய்ச்சியையும் மனை அறிவியலையும் கிராமத்துக்கு எடுத்துப்போகும் விரிவாக்கப் பணியாளர்களுக்கு அரசுப் பணம் கொடுத்தது. இன்று நம்ம ஊரில் விரிவாக்க அலுவலர் என்று சொல்கிறோமே, அந்த விரிவாக்கம் என்ற யோசனை இந்த வழியாகவும் வந்ததுதான். இன்னொன்று, எனக்கு மனதுக்கு நெருக்கமானது. அந்தக் காலத்தில் வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய பெண்ணை வேதியியல் துறை வேலைக்கு எடுக்காது. மனைப் பொருளியல் துறை எடுக்கும். வைட்டமின் ஆராய்ச்சி, துணி நூலுக்கான நார் ஆராய்ச்சி, குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சி செய்த எத்தனையோ பெண்களுக்குச் சம்பளமும் ஆய்வகமும் கொடுத்த ஒரே கூரை அதுதான்.

கெட்டது 1917-ல் வந்தது. தொழிற்கல்விக்குப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் சட்டம் அது. விவசாயம், தொழில் இவற்றோடு மனைப் பொருளியலுக்கும் பணம் கிடைத்தது. பணம் வந்ததும் ஊருக்கு ஊர் வகுப்பு வந்தது, ஆசிரியைகளுக்கு வேலை வந்தது. ஆனால் பையனுக்குப் பட்டறை, பெண்ணுக்கு அடுப்பு என்ற பிரிவு அதோடு இறுகிப்போனது. பள்ளிக்கூட அளவில் வேதியியல் மெல்ல மெல்ல உதிர்ந்தது. கேக்கும் ஏப்ரனும் மிச்சம் நின்றன. எலன் ரிச்சர்ட்ஸ் தொடங்கியது ஒன்று, பொதுமக்கள் கண்ணில் நின்றது வேறொன்று. உங்கள் பெரியப்பா இன்று கேட்கும் கேள்விக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

இன்னொரு பாடமும் அங்கிருந்து உண்டு. 1890-ல் எலன் ரிச்சர்ட்ஸும் தோழிகளும் பாஸ்டனில் ஒரு பொதுச் சமையற்கூடம் வைத்தார்கள். சத்துக் கணக்குப் பார்த்து, மலிவாக, ஏழைத் தொழிலாளர்களுக்கு விற்பது திட்டம். உணவு சுத்தம், சத்தும் சரி. ஆனால் வெளிநாட்டிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் வந்து வாங்கவில்லை. அவரவருக்கு அவரவர் அம்மா சமைத்த ருசி வேண்டும். அதே சமையற்கூடம் 1894 முதல் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மதிய உணவு அனுப்பத் தொடங்கியபோதுதான் நன்றாக வேலை செய்தது. சத்து அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போய் ஒருவர் தட்டை மாற்ற முடியாது என்பதை இந்தத் துறை ஆரம்பத்திலேயே அடிபட்டுக் கற்றுக்கொண்டது. அப்படியும் ஒவ்வொரு தலைமுறையும் அதை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். நம்ம பக்கத்துத் தொடக்கம் நீலகிரி குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒரே அறையில் பெரிபெரி என்ற சத்துக் குறைவு நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, பின்னால் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஆந்திரக் கடலோரத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசி சாப்பிடுகிற நம்ம பக்கம் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் எல்லாம் போய்விடாது. வீட்டு வாசலில் அண்டா வைத்து நெல் அவித்த நம்ம ஆயாக்களுக்கு அந்த வார்த்தை தெரியாது, வேலை தெரியும். அந்த வேலைக்குக் காரணம் கண்டுபிடித்து, எந்தச் சூட்டில், எவ்வளவு தண்ணீரில், கஞ்சி வடித்தால் எவ்வளவு போகும் என்று அளந்து சொல்வதுதான் படிப்பு. 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை குன்னூர் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. நம்ம நாட்டில் உணவுத்திட்டம் போடுகிற எல்லோருக்கும் ஆதாரமான அட்டவணை வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

கல்லூரிப் பக்கம், அகில இந்திய மாதர் மாநாட்டின் முயற்சியால் 1932-ல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி வந்தது. பரோடா பல்கலைக்கழகத்தில் 1950-ஐ ஒட்டி மனையியலுக்கென்று தனிப் புலம் தொடங்கியபோது, அங்கே துணைவேந்தராக இருந்தவர் ஹன்சா மேத்தா. உதவ வந்தவர்களில் ஒருவர் ஃபிளெமி கிட்ரெல் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண். கார்னெலில் 1936-ல் முனைவர் பட்டம் வாங்கியவர்.

சென்னையில் ராணி மேரிக் கல்லூரி இந்தப் படிப்புக்கு முக்கியமான இடம். 1944-ல் அங்கே பட்டம் வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் பெயர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-ல் செங்கத்தில் பிறந்தவர். இன்று செங்கம் திருவண்ணாமலை மாவட்டம். அன்றைக்கு அது வட ஆற்காடு. 1989-ல் மாவட்டம் பிரிந்த பிறகு நம்ம ஆட்கள் இதை மறந்தேவிட்டார்கள். செங்கத்துப் பெண் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், மேற்படிப்பு முடித்து, 1950-ல் ஊட்டச்சத்திலும் உயிர்வேதியியலிலும் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஒஹாயோ பல்கலைக்கழகம் நான் மேலே சொன்ன நிலக்கொடைக் கல்லூரிகளில் ஒன்று. விவசாயி மகள் என்ன படிப்பாள் என்று அங்கே எழுந்த கேள்விக்குக் கிடைத்த பதில், எண்பது வருடம் கழித்துச் செங்கத்து வீட்டு வாசலுக்கு இப்படி வந்து சேர்ந்தது.

அவர் திரும்பி வந்து மத்திய அரசின் உணவு, வேளாண் துறையில் பணியாற்றினார். அப்புறம் கோவையில் அவினாசிலிங்கம் செட்டியார் 1957-ல் தொடங்கிய மனையியல் கல்லூரிக்கு முதல்வரானார். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. துணைவேந்தராகவும் வேந்தராகவும் அங்கே இருந்தார். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டில் மனையியல் ஆசிரியைகள் என்று எங்களில் பெரும்பாலோரைத் தேடிப் போனால், ஒன்று அவரிடம் படித்தவர்கள், இல்லை அவரிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள். நான் இரண்டாம் வகை.

1952-53-ல் இடைநிலைக் கல்விக் குழு ஒன்று அமைந்தது. தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். பெயரிலேயே நம்ம ஊர் இருக்கிறது. பெண்கள் பள்ளிகளிலும் இருபாலர் பள்ளிகளிலும் மனையியல் படிக்க வசதி செய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதற்குக் கிராம சேவக் என்ற ஆண் பணியாளர்கள் மட்டும் போதவில்லை. ஆண் அலுவலர் வீட்டுத் திண்ணை வரைக்கும்தான் போக முடியும். அதனால் விரிவாக்கப் பயிற்சி மையங்களில் மனையியல் பிரிவு தொடங்கி, கிராம சேவிகா என்ற பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களை மேற்பார்க்க ஒன்றிய அலுவலகத்தில் முக்கிய சேவிகா, ஊரில் மாதர் சங்கம்.

எங்கள் ஊருக்கு ஒரு கிராம சேவிகா வருவார். தோளில் துணிப்பை, அதில் அளவு டம்ளர்கள். புகையில்லா அடுப்பு போட்டுக் காட்டுவார். முதல் தடவை போட்ட அடுப்பில் எங்கள் பாட்டியின் களிப் பானை உட்காரவில்லை. களி கிண்ட வேண்டுமென்றால் பானை ஆடக்கூடாது, காலால் அண்டை கொடுத்துத் துடுப்பைப் போட்டுத் திருப்ப வேண்டும். மேடை அடுப்பு அதற்கு உயரம் அதிகம். பாட்டி ஒரே வாரத்தில் இடித்துப்போட்டார். அந்தச் சேவிகா கோபப்படவில்லை. பாட்டி களி கிண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பானை வாயை நூலால் அளந்துகொண்டு போனார். அடுத்த தடவை அடுப்பைத் தாழ்வாகப் போட்டார். அது பல வருடம் இருந்தது. பாஸ்டன் சமையற்கூடம் கற்ற பாடத்தை எங்கள் வீட்டு அடுப்படியில் அந்த அம்மா கற்றார் என்று பின்னாளில் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. மனையியல்தான் படிக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்கு அவர்தான் காரணம்.

பள்ளி மதிய உணவும் இந்தக் கதையில் ஒரு கிளை. 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராய செட்டியார் காலத்தில் தொடக்கம், 1956-ல் காமராஜர், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. அரசியல் முடிவு எடுத்தது தலைவர்கள், பெருமை அவர்களுக்குத்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்று ஒரு பட்டியல் போட வேண்டுமே, அந்த வேலைக்கு இந்தப் படிப்பு வேண்டும். 1975-ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், அதன் அங்கன்வாடிகளும் அப்படித்தான்.

இனி, இதை ஏன் பெண் படிப்பு என்று ஒதுக்கினார்கள் என்பதற்கு வருகிறேன். எங்கள் துறையின் ஆறாத புண் இது. பரோடாவில் மனையியல் புலம் வந்தபோது துணைவேந்தராக இருந்த அதே ஹன்சா மேத்தா, 1960களின் தொடக்கத்தில் ஆண், பெண் பாடத்திட்ட வேறுபாட்டை ஆராயும் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம் என்று பிரிப்பது சரியில்லை, மனையியல் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பதுதான் அந்தக் குழு சொன்னது. யார் கேட்டார்கள்? நான் வேலை பார்த்த வருடங்களில் ஒரே ஒரு பையனுக்குக்கூட நான் மனையியல் நடத்தியதில்லை. ஜப்பானில் 1993-94-லிருந்து பையன்களுக்கும் இது கட்டாயப் பாடம். இங்கே கல்யாணப் பேச்சில், "பொண்ணு ஹோம் சயின்ஸ்" என்று சொல்வது நகையில் ஒரு வரி சேர்ப்பது போல ஆகிவிட்டது. ஒரு பள்ளியில் என் ஆய்வக மேசைகளை அகற்றிவிட்டு அந்த அறையில் இலவச சைக்கிள்களை அடுக்கினார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. தராசைத் தலைமையாசிரியர் அறை வராந்தாவில் வைத்துத்தான் செய்முறை நடத்தினேன். இதை வேதியியல் ஆசிரியருக்கு யாராவது செய்வார்களா என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இந்தப் பெயரால் வந்த தொல்லை அங்கேயும் உண்டு. அமெரிக்கச் சங்கம் 1994-ல் பெயரைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் சங்கம் என்று மாற்றிக்கொண்டது. கார்னெல் கல்லூரி 1969-லேயே மனிதச் சூழலியல் என்று மாறிவிட்டது. நம் நாட்டில் வேளாண் பல்கலைக்கழகங்களில் இது இப்போது சமுதாய அறிவியல். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் மனிதச் சூழலியலும் குடும்ப அறிவியலும். பெயர் மாறியதால் மரியாதை வந்ததா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. மரம் கிளைகளாகப் பிரிந்துவிட்டது. ஊட்டச்சத்து, உணவு பதப்படுத்தல், துணி ஆடை வடிவமைப்பு, குழந்தை வளர்ச்சி என்று கிளைகள் தழைத்திருக்கின்றன. அடிமரத்தின் பெயரைச் சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள்.

இது தொழிலா என்று கேட்டீர்களே. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் பழைய மாணவி உணவியல் நிபுணராக இருக்கிறாள். ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனபோது, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சர்க்கரை ஏறிக் கால் புண் ஆறாமல் வந்தவர். கையில் எங்கேயோ கொடுத்த ஒரு அச்சடித்த தாள்: காலை ஓட்ஸ், இரவு இரண்டு சப்பாத்தி. அவர் வீட்டில் சப்பாத்திக் கட்டையே இல்லை. இவள் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "காலைல என்னப்பா சாப்புடுவீங்க?" என்றாள். "களி." "எவ்ளோ?" அவர் இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். மேசைக்கு அடியிலிருந்து நாலு அளவில் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்து, இதில் எது என்றாள். பெரியதைத் தொட்டார். "ஒரு உருண்டைக்கு நொய் எத்தனை பிடி, மாவு எத்தனை பிடி?" அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற மருமகள் சொன்னாள். நொய் அதிகமாக இருந்தது.

கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அளவு மீறினால் அதுவும் ஏற்றத்தான் செய்யும். ஆனால் நிறுத்தச் சொல்ல வேண்டிய பண்டமில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது, அதே எடை அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். அவள் களியை நிறுத்தவில்லை. நொய்யைப் பாதியாக்கினாள், உருண்டையைச் சின்னக் கிண்ணத்துக்குக் கொண்டுவந்தாள், கீரைக் கடைசலையும் பச்சைப்பயறையும் கூட்டினாள். அந்தக் கிண்ணத்தைப் போலவே ஒன்றை மருமகளை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பேச்சு முழுக்கக் கால் மணி நேரம். அதற்குப் பின்னால் உயிர்வேதியியல் இருக்கிறது, மருந்து எந்த நேரத்தில் வேலை செய்யும் என்ற கணக்கு இருக்கிறது, வட ஆற்காட்டுக் களி எப்படிக் கிண்டுவார்கள் என்ற அறிவும் இருக்கிறது. சோறாக்கத் தெரிந்த எல்லோரும் இதைச் செய்துவிட முடியாது. இதை உங்கள் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

வேலைகள் என்று பார்த்தால், ஆஸ்பத்திரி உணவியல் ஒன்று. இதற்கு மூன்று வருடப் பட்டம் மட்டும் போதாது. மேற்படிப்பு, ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி, பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வு என்று ஐந்தாறு வருடம் ஆகும். 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான சட்டத்தில் ஊட்டச்சத்து வல்லுநர்களும் வருகிறார்கள். அது நல்ல காலத்துக்கு அறிகுறி. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணி இன்னொன்று. வேளாண் அறிவியல் நிலையங்களில் மனையியலுக்கென்று நிபுணர் பணியிடம் உண்டு. வேலூர் மாவட்டத்தில் அந்த நிலையம் விரிஞ்சிபுரத்தில் இருக்கிறது. சிறுதானியத்தில் மதிப்புக்கூட்டிய பண்டம், நிலக்கடலைப் பதப்படுத்தல் என்று மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்த மாதிரி வேலை. உணவு கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, ஆசிரியப் பணி, சொந்தத் தொழில் எல்லாம் உண்டு. முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சேர்வதற்கு முன்னால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் துறையின் ஆய்வகத்தை ஒரு தடவை பாருங்கள். அடுப்பு மட்டும் இருக்கிறதா, தராசும் சோதனைக் குழாயும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வருடத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று முக்கியம். ஒரே படிப்புக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. விளம்பரத்தில் கேட்கிற பட்டமும் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டும் சமம் என்று அரசாணை தேட வேண்டி வரும். பட்டத்தின் முழுப் பெயரை இப்போதே எழுதி வாங்கி, பழைய அறிவிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.